உலக்கை அருவி முதல் தேரூர்க் குளம் வரை
(மூன்றாமாண்டு, விலங்கியல்)

முன்னுரை

கல்லூரி ஆண்டு மலருக்குப் பயணக் கட்டுரை எழுத அமர்வோர் உதகையைப் பற்றியோ கொடைக்கானலைப் பற்றியோ எழுதுவது வழக்கம். நான் எடுத்துக்கொண்ட இடமோ, நம் மாணவர்களுள் பலர் நாள்தோறும் பேருந்தின் சன்னல் வழியே பார்த்துவிட்டு மறந்துபோகும் இடம். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி செல்லும் சாலையை ஒட்டிக் கிடக்கும் சுசீந்திரம் குளமும், அதன் அருகிலுள்ள தேரூர்க் குளமுமே அது.

இவ்வாண்டுக் களப்பயணம் தேரூர்ப் பறவைகள் புகலிடத்திற்கு என்று அறிவிப்புப் பலகையில் கண்டதும் எங்கள் வகுப்பில் சிரிப்பொலி எழுந்தது. "பேருந்துக் கட்டணத்தோடு முடிந்துவிடும் பயணம்" என்றான் ஒரு நண்பன். எங்கள் பேராசிரியர் சிரிக்கவில்லை. "முதல் நாள் காட்டு வழியே உலக்கை அருவிக்கு நடக்கிறோம், மறுநாள் வயல் வழியே குளத்திற்கு நடக்கிறோம். குளத்தில் நிற்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அறியாதவன், குளத்துப் பறவையைப் பற்றி ஒரு பக்கமும் எழுதக் கூடாது" என்றார்.

வீட்டில் இதைச் சொன்னபோது என் தந்தையார், "கொக்கு பாக்கதுக்கா மலை ஏறப் போற? நம்ம வயல்ல போய் நில்லு மக்கா, வேண்டிய மட்டும் நிக்கும்" என்றார். அவர் அப்படிச் சொன்னதில் கேலி மட்டும் இல்லை. ஒரு வருத்தமும் இருந்தது. எங்கள் ஊர் தோவாளை. பூச்சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர். என் தாயார் பூக்கட்டுகிறார்; தாழக்குடிப் பக்கம் முப்பது சென்ட் நெல்வயலில் தந்தையார் பயிர் செய்கிறார். அக்காளின் திருமணக் கடன் இன்னும் தீரவில்லை. அவ்வயலை வாங்கி, மண்ணடித்து, வீட்டு மனையாக்க விரும்பிய ஒருவர் முன்பணத்தோடு எங்கள் திண்ணைக்கு வந்துபோய்க்கொண்டிருந்த நாள்கள் அவை. பயணம் புறப்பட்டபோது இந்த வயற்பேச்சுக்கும் பறவைகளுக்கும் தொடர்பு உண்டென்று நான் எண்ணியதே இல்லை. இரண்டு நாள் நடந்தபின் அறிந்துகொண்டதையே இக்கட்டுரையில் கூற முயல்கிறேன்.

மலை

பொங்கல் கழிந்த அடுத்த வாரம், ஒரு சனிக்கிழமைக் காலையில் நாங்கள் பன்னிருவரும் பேராசிரியரும் அழகியபாண்டியபுரத்தில் இறங்கினோம். தோவாளை வட்டத்தின் வடக்கு எல்லை முழுவதும் மலைதான். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே வந்து முடியும் பகுதி இது. அசம்பு மலை என்பது இதன் பழம்பெயர். இங்குள்ள காடுகளின் பெரும்பகுதி 2008-ஆம் ஆண்டில் கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்திலும் இம்மாவட்டத்துக் காடுகளுக்கு இடம் உண்டு. ஆதலால் நினைத்தவுடன் நுழைந்துவிட முடியாது. வனத்துறையின் இசைவைப் பேராசிரியர் முன்னரே பெற்றிருந்தார். காவலர் ஒருவர் எங்களுக்காகக் காத்திருந்தார். காட்டிலே பிறந்து வளர்ந்தவர், ஐம்பது வயதிருக்கும். "மக்களே, சத்தம் போடாம வரணும். நீங்க காட்ட பாக்க வந்திருக்கிய, காடும் ஒங்கள பாத்துக்கிட்டுதான் இருக்கு" என்று சொல்லி முன்னே நடந்தார்.

அடிவாரத்தில் தென்னையும் வாழையும், சற்று மேலே ரப்பர் தோட்டமும் இருந்தன. ரப்பர் தோட்டத்தில் மரங்கள் அணிவகுத்து நின்றன. ஆனால் பறவைக் குரல் அரிதாகவே கேட்டது. அதைக் கடந்து இயற்கைக் காட்டினுள் நுழைந்தவுடன் ஒலி மாறிற்று. தலைக்கு மேலே எங்கோ கொக்கரித்துச் சிரிப்பது போன்ற ஓசை கேட்டது. "இருவாச்சி" என்றார் காவலர். அண்ணாந்து பார்த்தபோது பெரிய அத்திமரம் ஒன்றின் உச்சியில் சாம்பல் நிறப் பறவைகள் இரண்டு பழம் பறித்துக்கொண்டிருந்தன.

இருவாச்சியின் இல்வாழ்க்கை வியப்பானது. பெண் பறவை மரப்பொந்தினுள் புகுந்து, எச்சத்தையும் மண்ணையும் கொண்டு வாயிலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு மட்டுமே இருக்கும். முட்டையிட்டு அடைகாத்து வெளிவரும்வரை அதற்கும் குஞ்சுகளுக்கும் உணவூட்டுவது ஆண் பறவையே. ஆண் பறவை வேட்டையாடப்பட்டால், உள்ளேயிருக்கும் குடும்பம் பசியால் வாட நேரும். இதனைப் பாடநூலில் படித்திருந்தோம். காவலர் வேறொன்று சொன்னார்: "இது பழத்தத் தின்னுட்டு கொட்டைய அங்கயும் இங்கயும் போடும். அப்படி மொளச்சதுதான் பாதி மரம். நட்டவன் பேரு யாருக்கும் தெரியாது." தான் விழுங்கிய விதையைத் தாய்மரத்திற்கு வெகு தொலைவில் இட்டுச் செல்லும் பறவை, காட்டைப் பயிரிடும் உழவன் என்பதே விலங்கியலும் கூறும் செய்தி.

ஓடையைக் கடக்கும் இடத்தில் யாரோ சீழ்க்கையடிப்பது கேட்டது. பின்தங்கிய நண்பன் ஒருவனைத் திட்ட வாயெடுத்தேன். பாறை மேல் கருநீல நிறத்தில் அமர்ந்திருந்தது சீகாரப் பூங்குருவி! பள்ளிச் சிறுவன் பாட்டு மறந்து சீழ்க்கையடிப்பதுபோல் பாடுவது அதன் இயல்பு. அசம்பு மலைக்கே உரிய சிரிப்பான் என்னும் குருவி இன்னும் உயரமான சிகரங்களில் வாழ்வது. அச்சன்கோவில் கணவாய்க்குத் தெற்கேயன்றி உலகில் வேறெங்கும் அது இல்லை. நாங்கள் அந்த உயரத்திற்குச் செல்லவில்லை.

இவ்வட்டாரத்துப் பறவைகளைப் பற்றிய ஆராய்ச்சி புதிதன்று. இம்மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், 1933-இல், அறிஞர் சாலிம் அலி அச்சமஸ்தானத்துப் பறவைகளை ஆராய்ந்தார். 1956 நவம்பர் முதல் நாளன்று இம்மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. பறவைகளுக்கோ இரண்டும் ஒரே மலைதான்.

காடு நீரைச் சேமிக்கும் விதம்

இரண்டு மணி நேர நடைக்குப்பின் அருவியை அடைந்தோம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சில வாரங்கள் ஆகியிருந்தும் நீர் குறையவில்லை. குளித்து, கட்டுச்சோறு உண்டபின் பேராசிரியர் எங்களை அழைத்து, எளிய சோதனை ஒன்றைச் செய்து காட்டினார். இரண்டு புட்டிகளில் ஓடை நீரை நிரப்பினார். ஒன்றைப் பலர் நடந்து இறுகிப்போன பாதையில் ஊற்றினார். நீர் நொடியில் வழிந்து, மண்ணைக் கரைத்துக்கொண்டு சிவப்பாகக் கீழிறங்கியது. மற்றொன்றை இரண்டு முழம் தள்ளி, மரத்தடியில் இலைச்சருகின் மீது ஊற்றினார். ஒரு துளியும் ஓடவில்லை. சருகைக் கையால் விலக்கிக் காட்டினார்; அடியில் கறுப்பு மண், பஞ்சைப்போல் நனைந்திருந்தது.

"இந்த இரண்டு புட்டிகளுக்கும் உள்ள வேறுபாடுதான் இன்றைய பாடம்" என்றார். மழைத்துளி உயரத்திலிருந்து வேகமாக விழுகிறது. அடர்ந்த காட்டில் அது முதலில் இலையின் மேல் விழுந்து வேகம் தணிகிறது. கிளை வழியாகவும் அடிமரம் வழியாகவும் மெல்ல இறங்குகிறது. சருகு அதைத் தாங்கிக்கொள்கிறது. வேர்களும் மண்புழுவும் துளைத்த வழிகளில் நீர் உள்ளே புகுந்து, பாறை இடுக்குகளில் தங்கி, நாள்கணக்கில் மாதக்கணக்கில் ஊற்றாகக் கசிகிறது. ஐப்பசியில் பெய்த மழையைத் தையில் நாம் அருவியாகக் காண்பது இதனால்தான். காடு அழிந்த மலையிலும் மழை பெய்யும். ஆனால் பெய்த அன்றே வெள்ளமாய் ஓடிவிடும். வெள்ளமும் வறட்சியும் ஒரே ஊரில் ஒரே ஆண்டில் நேர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

திரும்பும் வழியில் ஒரு பாறை விளிம்பிலிருந்து கீழே நோக்கினோம். நாஞ்சில் நாடு முழுதும் பச்சைப் பாயாக விரிந்து கிடந்தது. அதன்மேல் ஆங்காங்கே கண்ணாடித் துண்டுகளைச் சிதறினாற்போல் நீர் மின்னியது. "அந்தா தெரியுதுல்லா, அதெல்லாம் குளம். இஞ்ச உள்ள தண்ணிதான் அங்க நிக்கு" என்றார் காவலர்.

மலையடிவாரத்தை நெருங்கியபோது இன்னொன்றையும் கண்டோம். குன்று ஒன்றின் இடுப்பை இயந்திரம் குடைந்திருந்தது. புண்போல் சிவந்த அந்தச் சரிவிலிருந்து லாரிகள் மண் ஏற்றிச் சென்றுகொண்டிருந்தன. புழுதி அடங்கும்வரை ஓரமாக ஒதுங்கி நின்றோம். லாரிகள் எங்கே போகின்றன என்று நாங்கள் கேட்கவில்லை.

மலையிலிருந்து வயலுக்கு

அன்றிரவு நண்பர்கள் தோவாளையில் எங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலுமாகத் தங்கினர். விடியுமுன்னரே சந்தை இரைச்சல் எங்களை எழுப்பிவிட்டது. பிச்சி, அரளி, சம்பங்கி மூட்டைகளுக்கிடையே தாமரை மொட்டுக் கட்டுகளும் வந்திறங்கின. அவை மாவட்டத்துக் குளங்களில் பறிக்கப்பட்டவை. தாமரையும் குளத்து நீரால் வளர்வதுதானே!

காலையில் வயல் வழியே நடக்கத் தொடங்கினோம். வலப்புறம் தாடகை மலை, பெண் ஒருத்தி படுத்துறங்குவது போன்ற வடிவில் துணை வந்தது. நடக்கும்போதே பேராசிரியர் நாஞ்சில் நாட்டு நீர்ப்பாசனத்தை விளக்கினார். மலைச்சரிவில் பிறக்கும் பழையாறு பூதப்பாண்டி, ஒழுகினசேரி, சுசீந்திரம் வழியாக ஓடி மணக்குடியில் கடலோடு கலக்கிறது. ஆற்றின் சொந்த நீர் இத்தனை வயல்களுக்கும் போதாது. ஆகவே பறளியாற்று நீரைப் பழையாற்றில் சேர்க்கப் பாண்டியன் கால் என்னும் பழைய கால்வாய் வெட்டப்பட்டது. பின்னர் கோதையாற்றின் குறுக்கே மிஞ்சின் என்னும் ஆங்கிலப் பொறியாளரின் பொறுப்பில் பேச்சிப்பாறை அணை எழுந்தது. 1906-இல் அது நிறைவுற்றது. 1950-களில் பெருஞ்சாணி அணை அதற்குத் துணையாயிற்று. தோவாளைச் சானலும் நாஞ்சில் நாட்டுப் புத்தனாறும் அந்நீரைக் குளங்களுக்கும் வயல்களுக்கும் கொண்டு சேர்க்கின்றன. இவ்வாறு தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து ஊட்ட, கன்னிப்பூ, கும்பப்பூ என இரு போகம் விளைந்த நாடு இது.

தாழக்குடிக்கு அருகில் எங்கள் வயல் வந்தது. "இதுவே நம் முதல் கணக்கெடுப்பு நிலையம்" என்று பேராசிரியர் அறிவித்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. அவரோ விளையாட்டாகச் சொல்லவில்லை. வரப்பில் அமர்ந்து அரைமணி நேரம் எண்ணச் செய்தார். உண்ணிக்கொக்கு, சின்னக்கொக்கு, குருட்டுக்கொக்கு, பொரி உள்ளான், வாலாட்டி, தகைவிலான், கரிச்சான், மீன்கொத்தி, பஞ்சுருட்டான், ஆட்காட்டி, சில்லை: பதினோரு இனங்கள்! கதிர் கொத்தும் சில்லை ஒன்றைத் தவிர மற்றவை பூச்சியும் நண்டும் சிறுமீனும் தின்பவை. பொரி உள்ளான் வடக்கே பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வலசை வருவது. அது என் தந்தையின் வயலில், அவர் திறந்துவிட்ட மடையின் நீரில், காலை நனைத்துக்கொண்டு நின்றது.

நான்கு வயல் தள்ளி மண்ணடிக்கப்பட்ட மனை ஒன்று இருந்தது. அங்கும் அரைமணி நேரம் எண்ணச் சொன்னார். காக்கை இரண்டு, மைனா மூன்று. வேறில்லை. எல்லைக் கல்லருகே குவிந்து கிடந்த செம்மண்ணில், காய்ந்த வேர் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. வயலில் விளைந்த எதற்கும் அப்படி வேர் இல்லை. முந்தின நாள் நாங்கள் ஒதுங்கி நின்ற குன்றின் நினைவு எங்கள் எல்லோருக்கும் வந்தது. மலையை வெட்டி வயலை மூடுகிறோம்; ஒரே லாரி இரண்டு வேலையையும் செய்துவிடுகிறது. யாரும் ஒன்றும் பேசவில்லை. நானும் என் வீட்டுத் திண்ணைப் பேச்சை யாரிடமும் சொல்லவில்லை.

குளம்

நண்பகலுக்குப்பின் தேரூரை அடைந்தோம். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1876-இல் பிறந்த ஊர் இது. குளக்கரையில் ஆலமர நிழலில் அமர்ந்து பார்த்தபோது, அவ்வூர் ஒரு கவிஞரைத் தந்ததில் வியப்பில்லை என்று தோன்றிற்று.

இக்குளங்கள் தாமாக அமைந்த ஏரிகள் அல்ல. மனிதர் கரையிட்டு ஆக்கியவை. கி.பி. 9-ஆம் நூற்றாண்டுச் செப்பேட்டிலேயே பசுங்குளம், பெருங்குளம் முதலிய பெயர்கள் இடம்பெற்றுள்ளன. உழவுக்காக வெட்டிய குளத்திற்குப் பறவை வந்தது; வந்த பறவையை உழவன் விரட்டவில்லை. இதுவே இப்புகலிடத்தின் வரலாற்றுச் சுருக்கம். சுசீந்திரம், தேரூர், மணக்குடிப் பகுதி 2015-இல் காப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. ஈரநிலங்களைக் காப்பதற்கான பன்னாட்டு உடன்படிக்கை ஒன்று 1971-இல் ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் உருவாயிற்று. இந்தியா 1982-இல் அதில் சேர்ந்தது. 2022-இல் சுசீந்திரம் – தேரூர் ஈரநிலத் தொகுதியும், இதே மாவட்டத்து வேம்பனூர் ஈரநிலத் தொகுதியும் அவ்வுடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெற்றன. முன்னதன் பரப்பு 94 ஹெக்டேருக்குச் சற்று மிகுதி. பின்னது 20 ஹெக்டேரைக்கூட எட்டாது. இச்சிறு பரப்பில் ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் பதிவாகியுள்ளன. அவற்றுள் 53 வலசை வருபவை.

அலகும் ஆழமும்

ஒரே குளத்தில் இத்தனை வகைப் பறவைகள் சண்டையின்றி எவ்வாறு உண்கின்றன? இதற்கு விடை அலகிலும் காலிலும் இருக்கிறது.

கரையோரச் சேற்றில் உள்ளான்கள் குறுகிய அலகால் புழுவைத் தேடுகின்றன. சற்றே ஆழமான நீரில் நெடுங்கால் உள்ளான், இளஞ்சிவப்புக் குச்சிகள்மேல் வைத்தாற்போன்ற உடலுடன் நடக்கிறது. முழங்கால் ஆழத்தில் சங்குவளை நாரை, பாதி திறந்த அலகை நீருக்குள் வைத்து அசைத்தபடி நகர்கிறது. அது மீனைக் கண்ணால் தேடுவதில்லை. அலகில் மீன் பட்டவுடன் தொடு உணர்வால் சட்டென்று மூடிக்கொள்கிறது. நத்தைகுத்தி நாரையின் அலகோ மூடியபோதும் நடுவில் இடைவெளி கொண்டது. நத்தையின் ஓட்டிலிருந்து சதையைப் பிரித்தெடுக்க அது உதவுகிறது. வெள்ளை அரிவாள் மூக்கன் தன் வளைந்த அலகைச் சேற்றில் ஆழச் செருகுகிறது. திறந்த நீர்ப்பரப்பில் கூழைக்கடாக்கள் கூட்டமாக நீந்தி மீனை வளைத்து, தொண்டைப் பையால் அள்ளுகின்றன. நீர்க்காகமும் பாம்புத்தாராவும் மூழ்கிப் பிடிக்கின்றன. பின்பு சிறகை விரித்து வெயிலில் காயவைக்கின்றன. தாமரை இலைமேல் நடந்த இலைக்கோழியின் விரல்கள் அதன் உடலுக்குப் பொருந்தாத நீளம். எடையைப் பரப்பி இலை அமிழாமல் காப்பது அவ்விரல்களே. இவ்வினத்தில் அடைகாப்பது ஆண் என்று பேராசிரியர் சொன்னபோது எங்கள் வகுப்பு மாணவியர் கைதட்டினர்.

ஆகவே, குளத்தில் நீர் இருந்தால் போதாது. பல ஆழங்களில் நீர் இருக்க வேண்டும். கரையோரம் சேறாகவும் நடுவில் ஆழமாகவும் சரிந்து கிடக்கும் குளமே எல்லாப் பறவைக்கும் இலை போடும் பந்தி. தூர்வாருகிறோம் என்று ஓரத்தையும் நடுவைப்போல் செங்குத்தாகத் தோண்டிவிட்டால் நீந்தும் பறவைக்கு மட்டுமே இடம். நடக்கும் பறவை பட்டினி. தாமரையோ ஆகாயத்தாமரையோ நீர்ப்பரப்பு முழுவதையும் மூடிவிட்டால் இலைக்கோழிக்குக் கொண்டாட்டம்; வாத்துக்கும் கூழைக்கடாவுக்கும் திண்டாட்டம். தாமரையால் எங்கள் வீட்டிலும் அடுப்பெரிகிறது. எனவே தாமரையே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். எல்லாவற்றிற்கும் அளவு வேண்டும் என்பதே கருத்து.

வலசை

மாலைக்குள் 41 இனங்களைக் குறித்தோம். அவற்றுள் நீலச்சிறகி, ஊசிவால் வாத்து முதலியவை வெகுதொலைவிலிருந்து வந்தவை. வடபுலத்தில் பகல் நேரம் குறையத் தொடங்கியதும் பறவையின் உடலில் சுரப்பிகள் மாறுதலை உண்டாக்குகின்றன. கொழுப்புச் சேர்கிறது, அமைதி குலைகிறது. நீர் உறைந்து உணவு மறையுமுன் அது புறப்பட்டுவிடுகிறது. ஆர்க்டிக் பகுதியிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை முப்பது நாடுகளைத் தழுவிச் செல்லும் இவ்வழிக்கு மத்திய ஆசிய வான்வழி என்று பெயர். இந்திய நிலப்பரப்பில் அவ்வழியின் தென்கோடி நமது குமரி மாவட்டம். வடக்கே ஒரு குளம் வற்றினால் பறவை அடுத்த குளத்திற்குப் பறக்கும். இங்கு வற்றினால் முன்னே கடல்தான்.

இவ்வலசையை நம் முன்னோர் அறியாமலில்லை. வறுமையால் ஊரைப் பிரிந்த சத்திமுத்தப் புலவர், குமரித் துறையில் நீராடி வடக்கே திரும்பும் நாரையிடம் தம் மனைவிக்குச் செய்தி சொல்லி அனுப்புவதாகப் பாடியுள்ளார். நாரை தெற்கே குமரி வரை வந்து, பருவம் மாறியதும் வடக்கே செல்லும் என்பது அப்புலவருக்கும் அவர் பாட்டைக் கேட்டோருக்கும் தெரிந்திருந்தது.

பறவையை ஊரே காத்த வரலாறும் நமக்குண்டு. வேடந்தாங்கல் மக்கள், தம் ஏரிப் பறவைகளைச் சுட்ட வெள்ளைச் சிப்பாய்களைத் தடுக்கும்படி 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆட்சியரிடம் முறையிட்டு ஆணை பெற்றனர். பறவை எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பகுதி மக்கள், பறவைகள் அஞ்சாதிருக்கும்பொருட்டுத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. அண்டையிலுள்ள திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் மக்களும் பறவைகளைத் தம் ஊர் விருந்தாகவே போற்றி வருகின்றனர்.

புகலிடத்தைக் காப்பவர் யார்?

வேலி எதுவும் இல்லாத இப்புகலிடத்தைக் காப்பது எது என்று பேராசிரியர் கேட்டார். சட்டம் என்றான் ஒருவன். வனத்துறை என்றான் மற்றொருவன். இரண்டும் தேவைதான். ஆனால் இரண்டு நாள் நடையை நினைத்துப் பாருங்கள். இருவாச்சி விதைத்த காடு மழையைப் பிடித்து வைக்கிறது. ஓடை அதை ஆற்றில் சேர்க்கிறது. சானல் குளத்தில் சேர்க்கிறது. குளத்திற்கு நீர் விடுவது பறவைக்காக அன்று, நெல்லுக்காக. நெற்பயிர் உள்ளவரை மடை திறக்கும். மடை திறக்கும்வரை குளம் நிறையும். வயல் எல்லாம் மனையாகிவிட்டால் யாருக்காகக் குளத்தை நிரப்புவார்கள்? அப்புறம் பலகை மட்டுமே நிற்கும்.

ஆகவே புகலிடத்தின் காவலர்களுள் முதல்வன் நெல் விதைப்பவனே. அந்தக் காவலுக்கு அவனுக்குக் கூலி இல்லை. உரவிலையும் அறுப்புக் கூலியும் ஏறி, நெல் விலை ஏறாதபோது, "பறவைக்காக வயலை வைத்திரு" என்று அவனிடம் சொல்ல நமக்கு என்ன உரிமை? இக்கேள்விக்குக் குளக்கரையில் எங்களுள் யாரிடமும் விடை இல்லை. குளங்களுக்கு அளிக்கும் மதிப்பில் ஒரு பங்கையேனும் அவற்றின் பாசன வயல்களுக்கும் அளித்து, நெல் விளைவிப்போருக்கு உதவித்தொகையாகவோ கூடுதல் விலையாகவோ கிடைக்கச் செய்தாலன்றி இப்புகலிடம் நிலைக்காது என்பதே எங்கள் குழு எழுதிய அறிக்கையின் முடிவு.

முடிவுரை

கதிரவன் மறையும் வேளையில் அரிவாள் மூக்கன்கள் வரிசை வரிசையாகக் குளத்திற்குத் திரும்பின. முந்தின நாள் நாங்கள் நின்ற மலை, நீல நிறத்தில் தெரிந்தது. பேருந்தில் நூறு முறை கடந்த இடத்திலிருந்து அம்மலையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

இரவு வீட்டில் தந்தையார், "கொக்கு பாத்தாச்சா?" என்று கேட்டார். நம் வயலில் மட்டும் பதினொன்று என்று பட்டியலைப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டவர், "கூகைய உட்டுட்டியே மக்கா. ராத்திரி வந்து வரப்பு மேல இருந்து எலி பிடிக்கும். அது இல்லன்னா கதிர் நம்ம கைக்கு வராது" என்றார். நான் பட்டியலில் பன்னிரண்டாவதாகக் கூகையைச் சேர்த்தேன். மலையடிவாரத்துச் செம்மண்ணைப் பற்றியும், மண்ணடித்த மனையில் கண்ட வேரைப் பற்றியும் சொன்னேன். அவர் பதில் ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரம் முன்பணத்தோடு வந்தவரிடம், "கும்பப்பூ அறுப்பு கழியட்டும், பாப்போம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். கடன் அப்படியேதான் இருக்கிறது. அறுப்புக்குப்பின் என்ன ஆகுமென்று எனக்குத் தெரியாது.

மாணவ நண்பர்களே! நாளைக் காலை சுசீந்திரம் குளத்தைப் பேருந்து கடக்கும்போது ஒரு கணம் சன்னல் வழியே பாருங்கள். முதலில் பறவையைப் பாருங்கள். பிறகு அது நிற்கும் நீரைப் பாருங்கள். பிறகு வடமேற்கே நிமிர்ந்து மலையைப் பாருங்கள். மூன்றும் ஒன்றே என்பது உங்களுக்கும் விளங்கும்.